கிளப்பைச் சேராத ஒருவர்

பிப்ரவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் உன் மகன் சின்னவனும் இங்கே நலம். அங்கே நீயும் அத்தானும் நலம்தானே? அத்தானின் முதுகுவலி எந்த நிலையில் இருக்கிறது?

போனில் பேசினால் இரண்டாவது நிமிடம் கத்துகிறாய், மூன்றாவது நிமிடம் வைத்துவிடுகிறாய். ஆகவே எழுதுகிறேன். காகிதத்தைப் பாதியில் வைக்க முடியாது. கிழிக்கலாம், ஆனால் கிழிக்கிறவர்களும் படித்துவிட்டுத்தான் கிழிக்கிறார்கள். என் ஏஜென்ட் தொழிலில் இதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

சின்னவனைப் பற்றி நீ கேட்டதற்குப் பதில். அவனுக்கு இந்தக் கால்பந்துக் கிளப்போடு இன்னும் இரண்டு சீசன் ஒப்பந்தம் இருக்கிறது. புதிதாக வந்த கோச்சுக்கு அவன் ஆட்டம் பிடிக்கவில்லை. பாதிச் சம்பளத்துக்கு இறங்கி வா என்கிறது கிளப். வரமாட்டோம், விட்டுவிடுங்கள், போகிறோம் என்கிறோம் நாம். விடமாட்டோம் என்கிறது கிளப். தனக்கு வேண்டாத பொருளை இன்னொருவனுக்கும் தராமல் வைத்துக்கொள்வதில் மனிதனுக்கு ஒரு சுகம் உண்டு. கிளப்புகள் அதற்கென்று தனியாக ஒரு வக்கீலே வைத்திருக்கின்றன.

இப்போது அவனை முதல் அணியிலிருந்து எடுத்துப் பின்மைதானத்தில் போட்டிருக்கிறார்கள். புல் கம்மி, கல் அதிகம். அங்கே அவனோடு பயிற்சி செய்கிறவர்கள் கொஞ்சம் முரட்டுத்தனமாக ஆடுகிறார்கள். நோக்கம் தெளிவானது. அவன் வெறுத்துப்போய் ஒருநாள் வராமல் இருக்க வேண்டும், அல்லது யாரையாவது அடிக்க வேண்டும். எது நடந்தாலும் ஒப்பந்தத்தை மீறியவன் அவன். தடை விழும், கதை முடிந்தது. மாறாக, கிளப்தான் அவனைக் கொடுமைப்படுத்தியது என்று நாம் தீர்ப்பாயத்தில் காட்டிவிட்டால் அவன் சுதந்திரமாக வெளியே வரலாம். ஒரு பெரிய கிளப் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறது.

ஆக, இந்த ஆட்டத்தில் முதலில் கோபப்பட்டவன் தோற்றான். அவன் போனைக்கூட நான்தான் வாங்கி வைத்திருக்கிறேன். ஆத்திரத்தில் எதையாவது பதிவு போட்டுத் தொலைத்தால் அதுவும் மீறல்தான். அதனால் அவன் பேசவில்லையே என்று நினைக்காதே. இதோடு ஒரு புகைப்படம் வைத்திருக்கிறேன். சிரிக்கிறான் பார்.

அத்தானிடம் கவலைப்பட வேண்டாம் என்று சொல்.

அன்புடன்,
உன் தம்பி


பிப்ரவரி 20

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே நலம். அத்தானின் முதுகு வளையவில்லை. மற்றபடி அவர் எல்லாவற்றுக்கும் வளைந்து கொடுக்கிறார். உன் கடிதத்தைப் படித்துவிட்டு, "மச்சான் பாத்துக்குவான், நீ எதுக்கு அலட்டிக்கிற?" என்று பேப்பரை விரித்துக்கொண்டார்.

புகைப்படம் கிடைத்தது. இத்தனை வருடம் பல் டாக்டராக இருந்து ஊரில் பாதி வாய்களுக்குள் எட்டிப் பார்த்தவளிடம், வாயை மூடிக்கொண்டு சிரிக்கிறவனின் படத்தை அனுப்பியிருக்கிறாய். என் மகன் பிறந்ததிலிருந்து வாயை மூடிச் சிரித்ததில்லை. கோல் போட்டால் கடைவாய் வரைக்கும் தெரியும். இந்தப் படத்தில் மேலுதடு இடப்பக்கம் தடித்திருக்கிறது. அந்த உதட்டுக்குப் பின்னால் அதைத் தாங்க ஒன்றும் இல்லை என்பதும் தெரிகிறது.

எந்தப் பல்?

வெளியே ஒருவர் தாடையைப் பிடித்துக்கொண்டு முனகுகிறார். அவரை முடித்துவிட்டு இதைத் தபாலில் போடுகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். அவன் உடம்பையும்.

அக்கா


மார்ச் 6

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அங்கேயும் அப்படியே இருக்க வேண்டுகிறேன்.

மேல் வரிசை, முன்பல், இடது. உன்னிடம் நான் எதையும் மறைக்கவில்லை, மறைத்தது உதடுதான்.

நடந்தது இவ்வளவே. பின்வரிசையில் ஆடும் பையன் ஒருவன் இருக்கிறான். எல்லோரும் அவனை ரோலர் என்று கூப்பிடுகிறார்கள். அவன் ஓடி வந்தால் புல் படுத்துவிடும், மறுபடி எழுந்திருக்க யோசிக்கும். பந்து போன பிறகு வந்தான். முழங்கை சின்னவன் வாயில் பட்டது. நல்ல பையன்தான், பிறகு அவனே ஐஸ் கொண்டுவந்து கொடுத்தான். கோச் சொல்கிறார், அவன் செய்கிறான். அவனுக்கும் ஒரு ஒப்பந்தம் இருக்கிறதே.

உன் மகனைப் பார்த்து எனக்குப் பெருமையாக இருந்தது. விழுந்தான், எழுந்தான், வாயிலிருந்த இரத்தத்தைக் கல்மேல் துப்பினான், பல்லைப் பொறுக்கிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான், மறுபடியும் பந்துக்கு ஓடினான். நான் வேலிக்கு வெளியே நின்று எல்லாவற்றையும் படம் எடுத்தேன். "தாங்கிக்கோடா. ஒவ்வொரு காயமும் நமக்குச் சாதகம்" என்று அவனிடம் சொல்லியிருக்கிறேன். தலையாட்டுகிறான்.

உன் மன நிம்மதிக்காக ஒப்பந்தத்தின் நகலையே அனுப்புகிறேன். பதினான்காம் பிரிவைப் படி: "கிளப்பைச் சேர்ந்த எந்த வீரர் மீதும், பயிற்சியாளர் மீதும், அலுவலர் மீதும், ஊழியர் மீதும் ஒப்பந்த வீரர் கை ஓங்கக் கூடாது." நம் வழக்கின் உயிர் அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது. அதை அவன் மீறாதவரை நாம் ஜெயித்துக்கொண்டிருக்கிறோம்.

எனக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று நீ பயப்பட வேண்டாம். (நீ கேட்கவில்லை. இருந்தாலும்.) கோச் என்னைப் பார்த்து எவ்வளவு முறைத்தாலும் என்னை ஒன்றும் செய்ய முடியாது. நான் கிளப்பைச் சேர்ந்தவன் இல்லை. அந்த வாசலுக்குள் சட்டப்படி நான் யாருமே இல்லை; வாட்ச்மேனாவது ஊழியர். ஒரு ஏஜென்டின் பலமே அதுதான்.

அன்புடன்,
தம்பி


மார்ச் 15

தம்பிக்கு,

நலம் விசாரிப்பதைப் பிறகு வைத்துக்கொள்வோம்.

"சாதகம்" என்ற சொல்லைப் பலமுறை படித்தேன். உனக்கு ஆறு வயதில் ஆடிய பல்லை நூலில் கட்டி, நூலைக் கதவுப்பிடியில் மாட்டினேன். நீ கதறிக்கொண்டே பேரம் பேசினாய். பாதிப் பல் மட்டும் எடு, மீதி நாளைக்கு என்றாய். நீ என்ன தொழிலுக்குப் போவாய் என்று அன்றைக்கே தெரிந்திருக்க வேண்டும். நான் கதவை உதைத்தேன். பல் பறந்துபோய்த் தண்ணீர்க் குடத்துக்குள் விழுந்தது. நீ இரத்த வாயோடு பாய்ந்து என் கையைக் கடித்தாய். தழும்பு இன்னும் இருக்கிறது. ஒவ்வொரு நாளும் கையுறை போடும்போது பார்க்கிறேன். அடி வாங்கினால் உடனே திருப்பிக் கொடுக்கிற ஆள் நீ. அவனை மட்டும் தாங்கச் சொல்கிறாய்.

பல்லின் வேர் முழுசாக வந்ததா, உடைந்து உள்ளே நிற்கிறதா? யார் பார்த்தார்கள்? உடைந்த வேர் உள்ளே இருந்தால் சீழ் வைக்கும், முகம் வீங்கும், காய்ச்சல் வரும். உன் வக்கீலுக்கு அது சாதகமாக இருக்கலாம், எனக்கு இல்லை.

போனை அவனிடம் கொடு.

அக்கா


ஏப்ரல் 11

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். பதில் தாமதமானதற்கு மன்னிக்கவும். சீசன் முடியும் நேரம். ஏஜென்டுகளுக்குச் சாப்பிடக்கூட நேரம் கிடைக்காத காலம் இது. அத்தானுக்கு என் விசாரிப்புகள்.

வேர் முழுசாக வந்துவிட்டது என்று கிளப் டாக்டர் சொன்னார். அவர் எலும்பு டாக்டர்தான். ஆனாலும் பல்லும் கிட்டத்தட்ட எலும்புதானே என்று அவரே விளக்கினார்.

இடையில் சின்னச் சின்னச் சம்பவங்கள். உடை மாற்றும் அறையில் அவன் ஷூவுக்குள் கண்ணாடித் துண்டு கிடந்தது. காலை உள்ளே விட்ட பிறகுதான் தெரிந்தது. தரையில் அவன் நடந்த தடமெல்லாம் சிவப்பாக விழுந்திருந்தது. படம் நன்றாக வந்திருக்கிறது. போன வாரம் ரோலரின் முழங்கால் அவன் விலாவில் ஏறியது. தும்மினால் மட்டும்தான் வலிக்கிறதாம். தும்மாமல் இருக்கச் சொல்லியிருக்கிறேன்.

நம் வக்கீல் எக்ஸ்ரேயைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார். "விரிசல்தான் சார். முறிவு இல்ல. கால்பந்துன்னா இதெல்லாம் சகஜம்னு ஒரே வரியில தள்ளிடுவாங்க. இன்னும் கொஞ்சம் ஸ்ட்ராங்கா ஏதாவது இருந்தா நல்லாருக்கும்" என்றார். குழம்பில் உப்புப் பார்த்துச் சொல்கிற குரலில்தான் சொன்னார். தொழில் தெரிந்த மனிதர். நான் இதைச் சின்னவனிடம் அப்படியே சொல்லவில்லை. "இன்னும் கொஞ்ச நாள்" என்று மட்டும் சொன்னேன்.

போன் விஷயம் இப்போதைக்கு முடியாது.

ஒரு நல்ல செய்தியோடு முடிக்கிறேன். என்னிடம் இருக்கும் இன்னொரு பையனுக்கு இதே கிளப்பில் மூன்று வருடம் ஒப்பந்தம் புதுப்பித்துக் கொடுத்தேன். பயிற்சியில் காட்டுகிற ஈடுபாட்டைக் கோச்சே வெகுவாகப் பாராட்டினார். பகை வேறு, தொழில் வேறு என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

அன்புடன்,
தம்பி


ஏப்ரல் 19

அன்புள்ள தம்பிக்கு,

நலம். உன் இன்னொரு பையனுக்குப் புதுப்பித்த செய்தி கேட்டு அத்தான் மகிழ்ந்தார். "பாத்தியா, பகையாளி கையாலயே வாங்கிட்டு வர்றான்!" என்றார்.

எனக்கு ஒரு சின்னச் சந்தேகம்தான். அந்தப் பையன் எந்த இடத்தில் ஆடுகிறான்? முன்வரிசையிலா, பின்வரிசையிலா?

உடனே பதில் போடு.

அக்கா


மே 8

தம்பிக்கு,

நலமா? கேள்வி அப்படியே இருக்கிறது.

அக்கா


மே 12

அம்மாவுக்கு,

நலம் என்று எழுதச் சொல்லி மாமா ஒரு காகிதம் கொடுத்திருக்கிறார். அது வேறு காகிதம். இது அவருக்குத் தெரியாமல் எழுதுவது. ஆகவே உண்மையையே எழுதுகிறேன்: வலது முழங்கால் போய்விட்டது.

கார்னர் பயிற்சி. நான் தலையால் முட்டக் குதித்தேன். இறங்கும்போது கீழே ரோலர் இருந்தான். கால் தரையில் நின்றது, நான் மட்டும் திரும்பினேன். ஈரத் துணியைக் கிழித்த மாதிரி ஒரு சத்தம் கேட்டது. யார் துணியைக் கிழிக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். என் தலை இடித்து அவனுக்கும் புருவம் பிளந்துவிட்டது. கோச் விசிலை ஊதி, "அடுத்தது, இடது பக்கத்திலிருந்து" என்றார். எங்களை இழுத்து ஓரமாகப் போட்டுவிட்டு மற்றவர்கள் தொடர்ந்து ஆடினார்கள்.

சிகிச்சை அறையில் எங்களுக்குப் பக்கத்துப் பக்கத்துக் கட்டில். அவனுக்குத் தையல் போட்டுவிட்டு டாக்டர் வெளியே போனார். அவன் சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"வலிக்குதாடா?"

"இல்ல. சும்மா காத்து வாங்கப் படுத்திருக்கேன்."

"நான் என்னடா பண்ணட்டும்? இங்க கோச் 'போ போ'ங்கிறார். வீட்டுக்குப் போனா அண்ணன் போன் பண்ணி, 'இன்னும் கொஞ்சம் ஸ்ட்ராங்கா'ங்கிறார்."

"எந்த அண்ணன்?"

"நம்ம ஏஜென்ட் அண்ணன்தான்."

"நம்மளா?"

"எனக்கும் அவர்தானே ஏஜென்ட். போன மாசம்தான மூணு வருஷம் போட்டுக் குடுத்தார். ஏன், உனக்குத் தெரியாதா? 'நீ அடி, அவன் வாங்கட்டும், ரெண்டு பேரும் பொழைச்சுக்குவீங்க'ன்னார். மாமனும் மருமகனும் பேசி வச்ச ஏற்பாடுன்னுல்ல நான் நெனச்சேன்! நீயும் ஒரு வார்த்தை திட்டாம எந்திரிச்சு எந்திரிச்சு வந்தியா... சரி, பய ஒத்துக்கிட்டுத்தான் வாங்குறான் போலன்னு..."

அழுதான், அம்மா. அந்த உடம்பு அழுதால் கட்டில் ஆடுகிறது. என் கட்டிலும் சேர்ந்து ஆடியது, முழங்கால் வலியில் உயிர் போனது. "தயவுசெஞ்சு அழாதடா, வலிக்குது" என்று நான்தான் அவனுக்கு ஆறுதல் சொன்னேன்.

இந்த மாதம் இருபத்தெட்டாம் தேதி கிளப் அலுவலகத்தில் சமரசக் கூட்டம். முழங்கால் ஸ்கேன் வந்ததும் மாமா வக்கீலைக் கட்டிப்பிடித்து, "இது போதும் சார், இது போதும்" என்றாராம். அந்தக் கூட்டத்தில் கோச்சையோ கிளப் தலைவரையோ அடித்துவிடுவேன் என்று பயமாக இருக்கிறது. அடித்தால் இத்தனை நாள் வாங்கியதெல்லாம் வீண். என்ன செய்யட்டும்?

பதிலை ரோலர் வீட்டு முகவரிக்குப் போடு. இந்தக் கடிதத்தையும் அவன்தான் தபாலில் சேர்க்கிறான். மன்னிப்புக் கேட்டதாக எழுதச் சொல்கிறான். பக்கத்தில்தான் நிற்கிறான், வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு.

அப்பாவை விசாரித்ததாகச் சொல்.

சின்னவன்


மே 18

என் சின்னவனுக்கு,

காலைத் தொங்கப்போடாதே. தலையணை வைத்து உயர்த்தி வை. இடப்பக்கமாக மெல்லாதே. ரோலரிடம் கோபமில்லை என்று சொல்; வெளிச்சத்தை விட்டு நகர்ந்து நிற்கவும் சொல்.

கேட்டாயே, என்ன செய்வதென்று. ஒப்பந்தத்தை நான் படித்தேன். உன் மாமாவே அனுப்பியது. நீ படித்தாயா? கையெழுத்து உன்னுடையதுதானே. பதினான்காம் பிரிவில் வீரர், பயிற்சியாளர், அலுவலர், ஊழியர் என்று ஒருவர் விடாமல் சொல்லியிருக்கிறார்கள். எழுதியவர் கவனமானவர். அந்த நான்கு வகையில் யார்மீதும் நீ விரலைக்கூட வைக்காதே. கோச்சைப் பார்த்தால் வணக்கம் சொல். தலைவர் உட்காரச் சொன்ன பிறகு உட்கார். வாட்ச்மேனை முறைக்காதே.

உன் மாமா கிளப்பைச் சேர்ந்தவர் இல்லை. இதை நான் சொல்லவில்லை. மார்ச் மாதக் கடிதத்தில் அவரே பெருமையாக எழுதியிருக்கிறார்.

யாரையும் அடி என்று நான் எழுதவில்லை. பெற்றவள் அப்படி எழுதுவாளா? படி என்றுதான் எழுதுகிறேன். சந்தேகம் வந்தால் கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் கிளப் வக்கீலிடமே கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள். சட்டம் தெரியாமல் நாம் எதையும் செய்துவிடக் கூடாது.

அப்பாவிடம் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. பேப்பர் படித்து முடிக்கட்டும்.

உனக்குக் கொடுத்திருக்கும் ஊன்றுகோல் மரமா, அலுமினியமா?

அம்மா


ஜூன் 2

அன்புள்ள அக்காவுக்கு,

அங்கே அனைவரும் நலமாக இருப்பீர்கள். இங்கே நான் மட்டும்.

கையெழுத்து மாறியிருப்பதைப் பார்த்து நீ குழம்பக் கூடாது. இடது கையால் எழுதுகிறேன். வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு. வாய் விஷயத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

கூட்டம் நன்றாகத்தான் தொடங்கியது. நீண்ட மேஜை, ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில், சுவரோரம் கோப்பைகள் வைத்த கண்ணாடி அலமாரி. அந்தப் பக்கம் தலைவர், கோச், கிளப் வக்கீல். இந்தப் பக்கம் நானும் நம் வக்கீலும், ஊன்றுகோலோடு சின்னவனும். ரோலரைச் சாட்சிக்குக் கூப்பிட்டிருந்தேன். தற்செயலாக நடந்த மோதல், ஆனால் கோச் பார்த்துக்கொண்டிருந்தார் என்று இரண்டு பக்கமும் கெடாமல் பேசச் சொல்லிக் கொடுத்திருந்தேன். உன் மகன் இவ்வளவு மரியாதையாக நடந்து நான் பார்த்ததில்லை. கோச்சுக்கு வணக்கம் வைத்தான். தலைவர் சொல்லும்வரை உட்காரவில்லை. நான் ஸ்கேனை எடுத்து மேஜையில் வைத்தபோது, கையை உயர்த்தினான்.

"வக்கீல் சார், ஒரு சந்தேகம். எங்க மாமா உங்க கிளப்பைச் சேர்ந்தவரா?"

கிளப் வக்கீல் சிரித்தார். "இவரா? நல்லா கேட்டீங்க! இவருக்கும் எங்களுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்ல."

"அதை எழுத்துல போட்டுக்கலாமா?"

"தாராளமா. கூட்டக் குறிப்புலயே எழுதச் சொல்றேன்."

நானும் விடவில்லை. "நான் யாருக்கும் கட்டுப்பட்டவன் இல்லைன்னு சேர்த்து எழுதிக்குங்க" என்றேன். எழுதினார்கள்.

சின்னவன் மெதுவாக எழுந்தான். காலை மாற்றி வைக்கிறான் என்று நினைத்தேன். ஊன்றுகோல் முதலில் வாயில் விழுந்தது. அலுமினியம் என்பதால் லேசாக இருக்கும் என்று நினைப்பவர்களுக்குச் சொல்கிறேன்: இல்லை. முன்பற்கள் தண்ணீர் பாட்டிலில் மோதிய சத்தம் எனக்கே கேட்டது. தடுக்கக் கையைத் தூக்கினேன், மணிக்கட்டு போனது. ரோலர் எழுந்து ஓடி வந்தான். அப்பாடா, தடுக்க வருகிறான் என்று நினைத்தேன். வந்து, நான் சாய்ந்துவிடாதபடி நாற்காலியைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டான். நான் வளர்த்த பையன், அக்கா! அடுத்த அடி விலாவில். "தும்மாதீங்க மாமா" என்றான் உன் மகன். அதற்கடுத்தது முழங்காலில். ஒற்றைக் காலில் நின்றுகொண்டு ஒருவனால் இவ்வளவு துல்லியமாக அடிக்க முடியும் என்றால், இவனை ஏன் முதல் அணியிலிருந்து எடுத்தார்கள் என்று எனக்கு அந்த நிலையிலும் தோன்றியது.

தலைவர் நாற்காலியோடு சுவர் வரை பின்னால் போயிருந்தார். "யோவ், இதுக்கு இவன் மேல நடவடிக்கை எடுக்கலாம்ல?" என்று வக்கீலைக் கேட்டார். வக்கீல் பக்கத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். "பதினாலாம் பிரிவுல வராது சார். நாமளே இப்பதான் எழுதிக் குடுத்திருக்கோம்."

அப்போது ரோலர் நாற்காலியை விடாமலே கேட்டான். "சார், நானும் எழுதிக் குடுக்கட்டுமா? யாரு யாரு சொல்லி இவனை அடிச்சேன்னு?"

கோச் கோப்பைகளைப் பார்க்கத் தொடங்கினார். தலைவர் பேனாவைக் கேட்டார். நான் மாதக்கணக்கில் பாடுபட்டும் கிடைக்காத விடுதலைக் கடிதம், என் இரத்தம் மேஜையில் காய்வதற்குள் கையெழுத்தாகிவிட்டது. சின்னவனும் ரோலரும் என்னைவிட்டு விலகுவதாகவும் அங்கேயே எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அந்தத் தாளை என் சட்டைப் பாக்கெட்டில் வைத்தது ரோலர். மடித்துத்தான் வைத்தான்.

நீ தவறாக நினைக்கக் கூடாது. ஒரே ஏஜென்ட் இரண்டு பேரைப் பார்ப்பது எங்கள் தொழிலில் வழக்கம்தான். அவன் எப்படியும் அடி வாங்கத்தான் போகிறான்; முன்பின் தெரியாத ஒருவனிடம் வாங்குவதைவிட நம் ஆளிடமே வாங்கினால் ஓர் அளவோடு இருக்கும் என்றுதான் பார்த்தேன். முழங்கால் அளவு மீறியது. அது எனக்கும் வருத்தம்.

இப்படி ஒரு யோசனை அவனுக்கு எப்படி வந்தது என்றுதான் புரியவில்லை. யாரோ படித்தவர்கள் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். கோச்சாக இருக்குமோ?

வாய் விஷயம்: மேல் வரிசை முன்பற்கள் நான்கு. முழுசாக வரவில்லை. வேர்கள் உள்ளே உடைந்து நிற்கின்றன. முகம் வீங்கிக் காய்ச்சலாக இருக்கிறது. இங்கே யாரையும் நம்ப முடியவில்லை. பேச்சுதான் என் பிழைப்பு என்பது உனக்குத் தெரியும். இப்போது நான் பேசினால் காற்றுதான் வருகிறது. நான் அங்கே வந்தால் சரிசெய்து கொடுப்பாயா? மரத்துப்போக ஊசி போடுவாய்தானே?

அத்தானுக்கு வணக்கம்.

தம்பி


ஜூன் 10

தம்பிக்கு,

நீ நலமில்லை என்பதைக் கடிதம் கண்டு அறிந்தேன்.

சின்னவன் வீடு வந்து சேர்ந்துவிட்டான். சுதந்திரமாக இருக்கிறான். மாடிப்படி ஏற முடியவில்லை. கீழே ஹாலில் கட்டில் போட்டிருக்கிறோம். அறுவை சிகிச்சை செய்த டாக்டர், நிச்சயம் நடப்பான் என்றார். "ஓடுவானா?" என்று அத்தான் கேட்டார். டாக்டர் சன்னலுக்கு வெளியே எதையோ பார்த்தார். கதவைத் திறந்து வைத்திருந்த உன் பெரிய கிளப், ஸ்கேனைப் பார்த்ததும் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டது.

அத்தான் இப்போதெல்லாம் "மச்சான் பாத்துக்குவான்" என்று சொல்வதில்லை. "அவன் வரட்டும், நான் பாத்துக்கிறேன்" என்கிறார். முதுகு நன்றாக நிமிர்ந்திருக்கிறது.

உன் எலும்பு டாக்டர் சொன்னது பொய். பல் வேர் உடைந்து உள்ளேதான் இருந்தது. அடியில் சீழ். அதை வைத்துக்கொண்டு இத்தனை மாதம் உன் கல் மைதானத்தில் ஓடியிருக்கிறான். நான்தான் எடுத்தேன். ஊசி போட வந்தேன். "வேணாம்மா, தாங்கிக்கிறேன்" என்றான். போட்டுத்தான் எடுத்தேன். எடுத்த வேரை ஒரு சின்னக் குப்பியில் போட்டு வைத்திருக்கிறேன், வந்தால் காட்டுகிறேன்.

யோசனை யார் கொடுத்தது என்று கேட்டிருக்கிறாய். எனக்கு எப்படித் தெரியும்? விசாரித்துச் சொல்கிறேன்.

உன் வாய்க்கு வருவோம். கட்டாயம் வா. தம்பியை வெளியாளிடம் விடுவேனா? திங்கட்கிழமை காலையில் வேறு யாருக்கும் நேரம் கொடுக்காமல் உனக்கென்று ஒதுக்கியிருக்கிறேன். உடைந்த வேர்கள்; ஈறைக் கீறித்தான் எடுக்க வேண்டும், ஒவ்வொன்றாக. இந்த முறை நூலும் கதவும் போதாது. பாதி இன்றைக்கு, பாதி நாளைக்கு என்று பேரம் பேசவும் வழியில்லை.

ஊசி இருக்கிறது, பெட்டி நிறைய. ஆனால் நீ எழுதியதைத்தான் நினைத்துப் பார்க்கிறேன். தாங்கிக்கொள். ஒவ்வொரு வலியும் உனக்குச் சாதகம்.

வந்து வாயைத் திறந்தால் போதும், பேச வேண்டாம். நாற்காலியைப் பிடித்துக்கொள்ள ரோலர் வருகிறான்.

அக்கா